தங்கச்சிக்கு ஒரு சிறுவீடு

அத்தியாயம் பதினொன்று

சுண்ணாம்பு வாளியும் கையுமாகப் பாலம்மாளின் நாத்தனார் உலகம்மாள் நின்றதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். சண்டையில் யார் ஜெயித்தது என்று கேட்டு ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டீர்கள். பாலம்மாள்தான் ஜெயித்தாள். அடுக்களைக்குப் பின்னால் உள்ள சுவர் வெள்ளையடிபடாமல் தப்பியது. பாலம்மாளின் மகள் சந்தனம் கரியாலும் செங்கல் துண்டாலும் போட்டு வைத்திருந்த மாடும் பஸ்ஸும் கோபுரமும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.

அந்தக் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தென்காசிக் கோபுரம் இடிந்து மொட்டையாக நிற்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் கோபுரம் போடச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் உச்சியில் கலசம் வைத்து முழுக் கோபுரமாகத்தான் போடும். சந்தனம் மட்டும் பிளந்தபடியே போட்டாள், இடுக்கில் முளைத்த செடி உட்பட. வாத்தியார் காதைத் திருகி அனுப்பினார். பாலம்மாள் அந்தக் காதைத் தடவிவிட்டு, "நீ பாத்ததத்தான போட்ட? அப்பம் சரி" என்றாள்.

பாலம்மாளுக்குச் சித்திரம் வராது. கோலம்கூடக் கொஞ்சம் கோணல்தான். சின்ன வயதில், அக்கா கல்யாணத்துக்கு வெள்ளையடித்த சுவரில் கரியால் ஒரு மயில் போட்டாள். அதற்கு அவள் அப்பா விரலில் சூடு வைத்தார். வடு இன்னும் இருக்கிறது. தன் பிள்ளையின் கையை யாரும் தொடக்கூடாது என்று அவள் வீம்பு பிடிப்பது அதனால்தான்.

கொட்டாங்கச்சிகளில் காவியும் மஞ்சளும் துணிக்குப் போடும் நீலமும் அரிசி மாவும் கரைத்து வைப்பாள். 'இது என்ன?' என்று கேட்க மாட்டாள். 'நல்லா இருக்கு' என்றும் சொல்ல மாட்டாள். நல்லா இருக்கு என்று சொன்னால் பிள்ளை அதையே திரும்பத் திரும்பப் போடும் என்பது அவளாகக் கண்டுபிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "பெறவு?" என்று மட்டும் கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்குச் சந்தனம் ஒரு சுவர் முழுக்கப் போட்டுவிடுவாள்.

ஐப்பசியில் பாலம்மாள் தாய்வீடான வாசுதேவநல்லூரில் இரண்டாவது பெண்ணைப் பெற்றாள். பேர் விடுவதற்கு முன்பே அது போய்விட்டது. வெறும் கையோடு தென்காசிக்குத் திரும்பி வந்தவள் சோறு கேட்கவில்லை, பேசவில்லை, அழவும் இல்லை. ஆறு வயதுச் சந்தனம் கரித்துண்டை எடுத்துக்கொண்டு வந்து மடியில் உட்கார்ந்த பிறகுதான் அவள் எழுந்து நடமாடினாள். இப்போது அவளுக்கு மிச்சம் இருப்பது அந்தப் பிள்ளையும் அந்தப் பிள்ளையின் கையும்தான்.

நான் பாலம்மாளின் பக்கம். அதை மறைக்கப்போவதில்லை.

இன்றைக்குச் சிறுவீட்டுப் பொங்கல்.

நம் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தைப்பொங்கலைவிட இதுதான் பெரிய பொங்கல். மார்கழி முழுக்க விடியலில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்பார்கள். அதை வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தையில் ஒரு நல்ல நாள் பார்த்து, முற்றத்தில் களிமண்ணால் ஒரு குட்டி வீடு கட்டி, அதன் வாசலில் குட்டிப் பானையில் பொங்கலிடுவார்கள். சாயங்காலம் அந்த வறட்டிகளில் சூடம் ஏற்றிச் சிற்றாற்றில் மிதக்க விடுவார்கள். துக்கம் நடந்த வீடு என்பதால் பெரிய பொங்கல் இங்கே பேருக்குத்தான் நடந்தது. பெண் பிள்ளை உள்ள வீட்டில் சிறுவீட்டை நிறுத்தக்கூடாது என்று உலகம்மாள்தான் சொன்னாள்.

மற்ற வீடுகளில் அப்பாக்கள் நூல் பிடித்துச் சதுரமாகக் கோடு போட்டுக் கொடுப்பார்கள். பிள்ளைகள் அந்தக் கோட்டின் மேல் மண்ணை வைத்துக்கொண்டே போகும். தெரு முழுக்க ஒரே வீடுதான். சந்தனத்துக்குக் கோடு போட்டுக் கொடுக்க அப்பா ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் பாலம்மாள் விட்டிருக்க மாட்டாள். பிள்ளை நாலைந்து நாளாகத் தன் வீட்டையே பார்த்துப் பார்த்துக் கட்டினாள். உடைந்த வாசல்படி உடைந்தே இருந்தது. அடுக்களையில் பூனை வரும் ஓட்டைகூட இருந்தது.

இன்று காலையில் பாலம்மாள் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று எழும்பிக்கொண்டிருந்தது.

"இது யாருக்கு?"

"தங்கச்சிக்கு."

பாலம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு அந்த மண்ணைப் பார்த்தாள். அந்தத் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஒரு சிறுவீடு. இரண்டு பெண்கள் இருந்தால் முற்றத்தில் இரண்டு வீடு. வழியில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தே வீட்டில் எத்தனை பெண் என்று சொல்லிவிடுவார்கள்.

அவள் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஐப்பசியில் வராத அழுகை இன்றைக்கு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, மிச்சமிருந்த களிமண்ணை மொத்தமாக அள்ளி வந்து பிள்ளையின் முன்னால் போட்டாள்.

"நல்லாப் பெருசாக் கட்டு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, "பெறவு?" என்றாள்.

இரண்டாவது வீடு தெருவில் எந்த வீட்டையும் போல இல்லை. கீழே வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவுக்கும் குறுக்கே ஒரு குச்சி. வெளிப்பக்கமாக ஏறும் படிகள். படியோரம் விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை ஒடித்து நட்டுக் கைப்பிடி. மேலே ஒரே ஒரு அறை. அதில் இரண்டு குச்சிகளுக்கு நடுவே கந்தைத் துணியில் ஒரு தொட்டில்.

மேலே போய்விட்ட பிள்ளைக்கு மேலே வீடு கட்டுகிறாள் என்று பாலம்மாள் நினைத்துக்கொண்டாள். ஆறு வயதுக்கு இவ்வளவு மனசா என்று பிள்ளையின் உச்சியில் முத்தமிட்டாள். பெற்றவள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

பாலம்மாளின் புருஷன் வீரபாகுவின் மூத்த சகோதரி உலகம்மாள், புருஷனை இழந்தவள். அடுத்த சந்தில் குடியிருந்துகொண்டு தம்பியின் வீட்டையும் சேர்த்து ஆள்கிறவள். கரும்பும் மஞ்சள் குலையுமாக உள்ளே வந்தவள் முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது என்ன இன்னொண்ணு?"

"தங்கச்சிக்காம் மதினி" என்றாள் பாலம்மாள்.

உலகம்மாள் குனிந்து பார்த்தாள். படியைப் பார்த்தாள். ஈர்க்குச்சிக் கைப்பிடியைப் பார்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள்.

"கலைச்சுப் போடு."

"என்னது?"

"கலைச்சுப் போடுன்னேன். ஒத்தப் பொட்டப்புள்ள உள்ள வீட்டுல ரெண்டு சிறுவீடு ஆகாது. பாக்கவிய என்ன சொல்லுவாவ?"

"செத்த தங்கச்சிக்கு அக்காக்காரி கட்டுன வீடும்பாவ. சொல்லிட்டுப் போட்டும்."

"பாலம்மா, சொன்னாக் கேளு. மத்தியானம் அவன் வருதான். வந்து பாத்தான்னா தாங்க மாட்டான்."

"நான் தாங்கலையா? எம்புள்ளைக்குப் பேரும் இல்ல, தொட்டிலும் இல்ல. அதுக்கு அக்கா மனசுல இருந்து மண்ணுல ஒரு வீடு கட்டுதா. அதையும் இடிக்கச் சொல்லுதியளே, நீங்க பொம்பளதானா மதினி?"

உலகம்மாளுக்கு வாய் அடைத்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. கரும்பைச் சுவரில் சாத்திவிட்டு அடுப்புக்கல் எடுத்து வைக்கப் போய்விட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று பாலம்மாள் நினைத்தாள். நீங்களும் இத்தனை வாரமாக அப்படித்தான் நினைத்து எழுதுகிறீர்கள்.

உச்சிப் பொழுதுக்கு எதிர்வீட்டு ஆவுடையம்மாளும் இன்னும் நாலு பெண்களும் தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். இரண்டு வீட்டு வாசலிலும் ஒவ்வொரு குட்டிப் பானை. இரண்டாவது வீடு யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆவுடையம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"பச்சப்புள்ளைக்கு என்ன மனசு பாருங்க. எங்க வீட்டுலயும் இருக்கே, தம்பி கையில இருக்க முறுக்கப் பிடுங்கித் திங்குது."

அந்த நேரத்தில்தான் வீரபாகு வந்தான்.

குற்றாலத்தில் ஒரு மிராசுதாரருடைய சீசன் பங்களாவுக்கு அவன் காரியஸ்தன். ஆனி ஆடியில் சாரல் விழுந்தால் மெட்ராசிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிறவர்களுக்கு அறை கொடுப்பது, சமையலுக்கு ஆள் பிடிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. சீசன் முடிந்தால் பங்களா பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கும் பங்களாவில் வாரத்தில் பாதி நாள் என்ன வேலை என்று பாலம்மாள் ஒருநாளும் கேட்டதில்லை. காவல் வேண்டாமா என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன் முற்றத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு... யாரு இதப் பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவளாத்தான். தங்கச்சிக்காம்" என்றாள் பாலம்மாள்.

அவன் துவைகல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் நடுங்கியது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆம்பிளை என்றாலும் பெற்ற மனசு அல்லவா என்று ஆவுடையம்மாள் முணுமுணுத்தாள்.

பாலம்மாளுக்கு அவன்மேல் பெரிய மனத்தாங்கல் இருந்தது. குழந்தையைப் புதைத்த மறுநாளே பஸ் ஏறிக் குற்றாலம் போனவன் அவன். இப்போது அவன் நடுங்குவதைப் பார்த்ததும் அந்தத் தாங்கல் கரைந்து போயிற்று. இவனும் உள்ளுக்குள் அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறான், நான்தான் தெரிந்துகொள்ளவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள். ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாள்.

"விடுங்க. புள்ள மனசுல உள்ளத நாம தடுக்கப்பிடாது" என்றாள்.

அவன் தண்ணீரைக் குடிக்கவில்லை. செம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பொங்கல் பொங்கியது. பிள்ளைகள் குலவை போட்டன. சந்தனம் பூவரச இலையில் பொங்கல் எடுத்து முதல் வீட்டு வாசலில் வைத்தாள், கரும்புத் துண்டும் வைத்தாள்.

"தங்கச்சிக்கும் வையி தாயி" என்றாள் ஆவுடையம்மாள்.

சந்தனம் இரண்டாவது இலையை எடுத்தாள். கொஞ்சம் பால் ஊற்றி, விரலால் பொங்கலைக் கூழாகக் குழைத்தாள்.

"அவளுக்குக் கொழைச்சுத்தான் குடுக்கணும். கரும்பு வேண்டாம். கீழ ரெண்டு பல்லுதான் மொளைச்சிருக்கு. கையக் குடுத்தா நறுக்குன்னு கடிச்சிருவா."

பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

பாலம்மாள் சிரிக்கவில்லை. அவள் பெற்ற குழந்தை கண்ணைத் திறந்து முழுசாக ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. அதன் வாயை அவள் அறிவாள். அந்த வாயில் பல் இல்லை.

அவள் தலை நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் துண்டை எடுக்கவில்லை. பிறகு உலகம்மாளைப் பார்த்தாள். உலகம்மாள் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி சரி, எந்திரிங்க. வெயில் தாழுததுக்குள்ள ஆத்துக்குப் போயிட்டு வந்திரணும். ஏட்டி, வறட்டிக் கூடைய எடுங்க" என்று உலகம்மாள் அவசரமாக எல்லோரையும் கிளப்பினாள்.

"சந்தனத்துக்கு உடம்பு கதகதன்னு இருக்கு. தண்ணியில எறங்க வேண்டாம். நீங்களே கொண்டுபோய் விட்டுருங்க மதினி" என்றாள் பாலம்மாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் உலகம்மாளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு வீரபாகு முதல் ஆளாக வெளியேறினான். உலகம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் தயங்கினாள்.

"பாலம்மா. வேண்டாம்" என்றாள்.

"என்ன வேண்டாம்?"

உலகம்மாள் கூடையை ஏற்றிப் பிடித்தாள். படியிறங்கிப் போய்விட்டாள். காலையில் அவள் எதற்காகக் கலைக்கச் சொன்னாள் என்பது பாலம்மாளுக்கு அப்போது புரிந்தது.

முற்றத்தில் தாயும் மகளும் மட்டும். பாலம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஆத்துக்குப் போவலையாம்மா?"

"பெறவு போவோம். நீ இந்த வீட்ட இன்னும் முடிக்கலையே. முடி, பாப்போம்."

சந்தனத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மண்ணை நனைத்துப் பிசைந்தாள்.

"இது படி. பாசி வழுக்கும். அப்பா கையப் பிடிச்சிட்டுத்தான் ஏறணும்."

"பெறவு?"

"கீழ எல்லாம் பூட்டிருக்கும். சீசனுக்கு வாரவிய அறை. உள்ள நாற்காலி எல்லாம் கவுத்துப் போட்டிருக்கும். சன்னல் வழியா பாத்தேன்."

"பெறவு?"

"மேல இங்கன அடுப்பு. சின்னம்மை தோச சுடும். எனக்குச் சீனி தூவித் தரும்."

பாலம்மாள் வாசுதேவநல்லூரில் பிரசவத்துக்குக் கிடந்தபோது, பள்ளிக்கூடம் கெடுமே என்று சந்தனத்தை அத்தையிடம் விட்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் அப்பா வந்து குற்றாலத்துக்குக் கூட்டிப்போவான். மார்கழி லீவிலும் கூட்டிப்போனான். பிள்ளைக்குக் குளிக்க அருவி, விளையாட இடம். 'மகராசன், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறான்' என்று பாலம்மாள்தான் ஊரெல்லாம் சொன்னாள்.

"சின்னம்மைன்னு கூப்பிட யாரு சொன்னா?"

சந்தனத்தின் கை நின்றது. கொஞ்சம் யோசித்தாள்.

"அப்பா. அம்மாட்ட ஒண்ணும் சொல்லப்பிடாதுன்னு குத்தாலநாதர் மேல சத்தியம் வாங்குனாவ." சட்டென்று பயந்து தாயைப் பார்த்தாள். "நான் சொல்லலம்மா. வீடுதான பண்ணுனேன்?"

இங்கேயாவது அவள் நிறுத்தியிருக்க வேண்டும். நான் பாலம்மாளின் பக்கம் என்று முன்னால் சொன்னேன். இந்த இடத்தில் இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது. இனி அந்தப் பிள்ளையிடம் கேட்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு, ஒரு சுவர் முழுக்கச் சித்திரம் வரவழைத்த அந்த வார்த்தையையே மறுபடியும் கேட்டாள்.

"பெறவு? அப்பா எங்கன படுப்பாவ?"

சந்தனம் ஒரு துண்டு மண்ணை உள்ளங்கையில் வைத்துத் தட்டிப் பாய் செய்தாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்னொரு பாய் தட்டினாள். அதை முதல் பாயை ஒட்டி வைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்பதற்காக நிமிர்ந்தாள்.

தாயின் முகத்தை அப்போதுதான் பார்த்தாள்.

பாலம்மாள் அழவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பிள்ளை இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். ஐப்பசியில், வெறும் கையோடு வண்டியிலிருந்து இறங்கியபோது.

சந்தனம் குனிந்தாள். பாயைக் கட்டைவிரலால் தேய்த்தாள். அது மண்ணோடு மண்ணாகப் போயிற்று. இன்னொரு பாயையும் தேய்த்தாள். தொட்டிலைப் பிடுங்கினாள். ஈர்க்குச்சிகளை ஒவ்வொன்றாக உருவினாள்.

"என்னட்டி செய்யுத?"

"அங்கன யாரும் இல்லம்மா."

"சந்தனம்..."

"நான் சும்மாதான் பண்ணுனேன். சின்னம்மை இல்ல. தோச சுடல. அப்பா அங்கன படுக்க மாட்டாவ. அப்பா நம்ம வீட்டுலதான் படுப்பாவ."

படிகளைக் கையால் வழித்துத் தள்ளினாள். மேல் அறையை அமுக்கினாள். அந்த மண்ணைச் சேர்த்து, நாலு பக்கமும் நேராக வைத்து, எதிர்வீட்டுப் பிள்ளை கட்டியிருந்ததைப் போல ஒரு சதுரம் பிடித்தாள். வேகமாகச் செய்தாள்.

"எம்மா, கதவு எங்கன வைக்கட்டும்? நீ சொல்லு."

இத்தனை நாளில் அந்தப் பிள்ளை இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. பாலம்மாளுக்கு நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தன் விரலில் சூடு வைத்தவருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. அவர் ஒரு விரலோடு விட்டார்.

"வேண்டாம் தாயி. போதும்" என்று பிள்ளையின் கைகளைப் பிடித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீரபாகு திரும்பி வந்தான். பின்னால் வெறும் கூடையோடு உலகம்மாள். அவன் பார்வை நேராக முற்றத்துக்குத்தான் போயிற்று. ஒரு வீடு இருந்தது. பக்கத்தில் கதவில்லாத ஒரு சதுரம் இருந்தது.

"இங்கன இருந்த வீடு எங்க?"

சந்தனம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அது சும்மா பண்ணுனது அப்பா. கலைச்சிட்டேன்."

வீரபாகு மூச்சு விட்டான். பெரிய மூச்சு. அவள் தலையில் கை வைத்து, "நல்ல புள்ள" என்றான்.

பாலம்மாள் எழுந்தாள்.

"அவளுக்கு என்ன பேரு விட்டிருக்கிய?"

"யாருக்கு?"

"ரெண்டு பல்லு மொளைச்சவளுக்கு."

வீரபாகு உலகம்மாளைத் திரும்பிப் பார்த்தான். உலகம்மாள் தரையைப் பார்த்தாள். தெருவில் யாரோ பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"கேக்கேன்லா. என்ன பேரு?"

"சந்தனமாரி" என்றான் அவன்.

அந்தக் குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பேர். சந்தனத்தின் முழுப் பேரும் அதுதான். வைப்பாட்டி பிள்ளைக்கு அந்தப் பேரை விடுவதில்லை. தாலி கட்டினவள் வயிற்றில் முதலில் பிறந்த பெண்ணுக்குத்தான் விடுவார்கள். அப்படியென்றால் அங்கேயும் ஒரு தாலி. அதைக் குழந்தையின் காதில் மூன்று தரம் சொல்ல வேண்டியவள் அத்தை.

பாலம்மாள் புருஷனைத் தாண்டி உலகம்மாளைப் பார்த்தாள்.

"நீங்கதான் காதுல சொன்னியளா மதினி?"

"எங்க அம்மை பேரு பாலம்மா" என்றாள் உலகம்மாள். "கூப்பிட்டான். போனேன். சொன்னேன்."

"எம்புள்ளைய மண்ணுல வைக்கும்போது ஒரு பேரு சொல்லக்கூட உங்களுக்கு வாய் வரலையே."

பாலம்மாள் குனிந்து அந்தச் சதுரத்தைத் தன் கையாலேயே கலைத்தாள். மண்ணை உருட்டிப் பிள்ளையின் முன்னால் வைத்தாள்.

"சந்தனம். நீ பாத்தது பாத்ததுதான். தப்பு உன்மேல இல்ல. அம்மா கேட்டதுதான் தப்பு. யாரு முகத்தையும் பாக்காத. அந்த வீட்டத் திரும்பவும் பண்ணு. உங்க அப்பா பாக்கட்டும், உங்க அத்தையும் பாக்கட்டும்."

சந்தனம் அப்பாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். கடைசியில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஈரம் காயாத இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வீடு பண்ணத் தெரியாதும்மா" என்றாள்.